பதினோரு மணிக் குழுவைத் திரும்பத் தொடங்குங்கள்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கும் மருத்துவ இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். பிசியோதெரபி கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தோம். இந்த மாதத்திலிருந்து இடுப்பு வலிக்காரர்களுக்கான பதினோரு மணி பேலன்ஸ் பயிற்சி கிடையாது. அந்த இடத்தில் முதுகை இழுத்துவிடும் இழுவை மெஷினும், தோல் வழியாக லேசான மின்சாரம் கொடுத்து வலியைக் குறைக்கப் பார்க்கும் டென்ஸ் மெஷின்களும் வருகின்றன. நாங்கள் கவுன்டரில் படம் போட்ட தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ள வேண்டும். கூட்டம் போட்டு முடிவெடுத்தவர்கள் நீங்கள், காரணங்கள் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகள் எப்படி இருக்கும் என்பதுதான் ஒருவேளை தெரிந்திருக்காது.

எங்கள் குழுவில் தாராவியிலிருந்து இட்லி வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் வருவார். விடியும் முன்பே சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, மாஹிம் பக்கம் சுற்றிவிட்டு, விற்று முடித்த கையோடு நேராகக் கூடத்துக்கு வந்து சேர்வார். அவர் வீடு பத்துக்குப் பத்து ஒரே அறை. அதற்குள் கிரைண்டர், இட்லிக் கொப்பரை, தண்ணீர் டிரம், சிலிண்டர் எல்லாம் அடக்கம். பிள்ளைகள் படுப்பது மேலே, பரணில். செங்குத்தாக ஒரு இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தாளில் ஒரு படம் இருக்கிறது: ஸ்பாஞ்ச் மேல் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூட வேண்டும். ஸ்பாஞ்சுக்கு எங்கே போவது? கம்பளியை நாலாக மடித்துப் போட்டு ஏறி நின்றிருக்கிறார். வலது கையை நீட்டினால் பாத்திர ஸ்டாண்டு. இடது பக்கம் அப்போதுதான் இறக்கிவைத்த கொப்பரை. கண்ணை மூடினார், உடம்பு ஆடியது, பிடிமானத்துக்குத் தேடிய கை கொப்பரையின் மேலேயே விழுந்தது. உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தவரிடம் என்னண்ணே இது என்று கேட்டோம். "மூடச் சொல்லிப் போட்டிருக்கு, மூடினேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதே பயிற்சியைக் கூடத்தில் செய்யும்போது பிசியோ மேடம் பின்னால் நிற்பார். அவர் கை எங்கள் இடுப்புக்கு அருகே தொடாமல் தயாராக இருக்கும். சாய்ந்தால் பிடித்துவிடுவார், சாயாதவரை விட்டுவிடுவார். கட்டணம் வாங்காமல் அந்தக் கையைத் தாளில் அச்சடித்துத் தர முடியுமானால் நாங்களும் வீட்டிலேயே செய்துகொள்கிறோம்.

ஒற்றைக் காலில் நிற்பது என்ன பெரிய வைத்தியம் என்று கூட்டத்தில் யாராவது கேட்டிருக்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சும்மா நின்று கையைத் தூக்கப் போனாலே போதும், கை எழும்பும் முன்பாகவே வயிற்றின் ஆழத்துத் தசை இறுகி முதுகைத் தாங்கத் தயாராகிவிடும். இடுப்பு வலிக்காரர்களிடம் அந்தத் தசை தாமதமாக விழிக்கிறது என்று 1996இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். இட்லிப் பாத்திரத்தைத் தூக்கும் மனிதருக்கு அந்த நொடி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. வலி நாள்பட்டவர்கள் நிற்கும்போது முதுகு தரும் தகவலை நம்பாமல் கணுக்காலையும் கண்ணையும் நம்பியே சமாளிக்கிறார்கள். அதனால்தான் ஸ்பாஞ்ச், அதனால்தான் கண்ணை மூடுவது. கணுக்காலுக்கும் கண்ணுக்கும் கொஞ்சம் லீவு கொடுத்தால் முதுகு தன் வேலையைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போய்விடக் கூடாது. முதலில் தரையில் இரண்டு கால், பிறகு ஒரு காலுக்கு நேர் முன்னால் மற்றது, அப்புறம் ஒற்றைக் கால், அதற்கும் பிறகு ஸ்பாஞ்சும் ஆடும் பலகையும். யாரை எப்போது அடுத்த படிக்கு ஏற்றுவது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். தாள் பார்க்காது.

பேலன்ஸ் பயிற்சி மற்ற எல்லாப் பயிற்சியையும்விட உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. நாள்பட்ட வலிக்கு இந்த ஒரு பயிற்சிதான் சிறந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் எதற்குமே இல்லை. ஏதாவது ஒரு முறையான பயிற்சி, விடாமல் நடக்க வேண்டும், அதுதான் விஷயம். 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே, அதாவது எங்கள் இடுப்பு வலிக்கென்றே, வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான உடற்பயிற்சித் திட்டத்தைப் பரிந்துரைக்கிறது. இழுவை வேண்டாம் என்கிறது, இடுப்பு பெல்ட் வேண்டாம் என்கிறது, டென்ஸும் வேண்டாம் என்கிறது. நம் மருத்துவமனை வேண்டும் என்றதை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்றதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. கீழே மருந்துக்கடையில் பெல்ட்டும் அமோகமாக விற்கிறது.

மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், நன்கொடையாளர் பெயரைப் பலகையில் பொறிக்கலாம். நாலு ஸ்பாஞ்சுக்கும் ஒரு பலகைக்கும் யார் ரிப்பன் வெட்ட வருவார்கள்? மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் பரம ஏழைகளுக்கு 10 சதவீதப் படுக்கையை இலவசமாகவும், நலிந்த பிரிவினருக்கு இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. படுத்துக்கொள்ள வந்தால் எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள வந்தால் இல்லை. ஒருவேளை மும்பைக்காரனுக்குத் தனியாக பேலன்ஸ் பயிற்சி எதற்கு என்று நினைத்துவிட்டீர்களோ? அதுவும் நியாயம்தான். காலையில் சயானில் ரயில் ஏறினால் தாதர் வரை ஒற்றைக் கால்தான், இரண்டாவது காலை வைக்க இடம் இருந்தால்தானே! ஆனால் அங்கே ஆடும் உடம்பைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்பவரின் தோள் இருக்கிறது. சரி, விடுங்கள். ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் வேறு யாருக்கோ போய்ச் சேர வேண்டியதாகிவிடும்.

தயவுசெய்து பதினோரு மணிக் குழுவைத் திரும்பத் தொடங்குங்கள். கேட்பது இது ஒன்றுதான். புது மெஷின்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும். கூடம் முழுவதும் வேண்டாம், ஜன்னல் பக்கத்துப் பாதி போதும். தினமும் முடியாது என்றால் வாரத்தில் இரண்டு நாள் கொடுங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். காலை எட்டு மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் இட்லி விற்பவர், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், ஸ்கூல் வேன் ஓட்டுபவர் யாராலும் வர முடியாது. மேடத்தைத் தவிர இன்னொரு கை தேவைப்பட்டால் பிசியோ படிக்கும் மாணவர்களை அனுப்புங்கள், அவர்களுக்கும் பழக்கம் ஆகும். ஒரு முறைக்கு இருபது ரூபாய் வாங்கினாலும் கொடுக்கிறோம். கொடுக்க முடியாதவர்களுக்கு மற்றவர்கள் சேர்த்துப் போட்டுவிடுவோம் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

நேரில் பேச வேண்டுமானால் பகல் பதினொன்றுக்குக் கூப்பிடுங்கள். அந்த நேரம் இப்போது எங்கள் எல்லோருக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பதினோரு மணிக் குழுவினருக்காக,
தாராவியிலிருந்து ஒரு நோயாளி