ரஜூலா கப்பலில் போன கொள்ளுத்தாத்தா: பெயர் சொல்லாத அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் அக்கா, சரி, ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கொள்ளுத்தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி பினாங்கு போகும் வழியில் காய்ச்சலில் இறந்தார், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள் என்பது மட்டும்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திதி கொடுக்கத் தேதி கிடையாது, அதனால் ஆடி அமாவாசைக்குத்தான் கொடுத்து வந்தோம். நாகையிலும் பினாங்கிலும் தேடிச் சலித்திருந்த எங்களிடம், அது பிரிட்டிஷ் கப்பல், நடுக்கடலில் யார் இறந்தாலும் கப்பல் தலைவர் பதிவுப் புத்தகத்தில் எழுதி துறைமுகத்தில் ஒப்படைத்தாக வேண்டும், அந்தத் தகவல் லண்டனுக்குப் போகும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி 334 என்ற வரிசையில் 1891 முதல் 1972 வரையிலான கடல் மரணப் பதிவுகள் இருப்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதோடு விடாமல், லீவு நாளில் நேரில் போய், தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்களோ அத்தனை விதமாகவும் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினீர்களே, முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்துக்கு இதை யார் செய்வார்கள்!

பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் இருக்கிறது. அப்பா அந்த இறந்த நாளைப் பஞ்சாங்கத்தில் வைத்துத் திதி பார்த்துவிட்டார். இந்த வருஷம் அந்தத் திதியிலேயே கொடுக்கிறோம். ஊருக்கு வரும்போது கட்டாயம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் அக்கா.