முதல் ஆல்பத்தோடு வைத்த கடிதம்

கோவில்பட்டி
12.02.2022

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம், மருமகள், பாப்பா சுகத்துக்குப் பதில் போடவும்.

தங்கச்சி போனில் நீ அனுப்பினதைக் காட்டினாள். "டிரங்குப் பெட்டிய மொத்தமா அனுப்பிருங்க, ஒருத்தர் கேக்காரு." அவ்வளவுதான் இருந்தது. யாரு, எதுக்கு என்று நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் போன் இல்லை, அதையும் கேட்கவில்லை. ஆனால் மொத்தமாய்க் கட்டி அனுப்புகிற சாமானா அது? உன் தீப்பெட்டிப் பட ஆல்பங்களில் முதல் ஆல்பம் மட்டும் இதோடு பதிவுப் பார்சலில் வருகிறது.

வந்ததும் கத்தியால் கீறிப் பிரிக்காதே. உள்ளே மெழுகுத் தாள், அதற்குள் வேட்டித் துணி. பிரித்து அரை நாள் ஃபேன் காற்றில் திறந்து வை. வெயிலில் வைக்காதே, ரோஸும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். நடுவில் நாலு துண்டு வசம்பு போட்டிருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதே. படத்துக்குப் பின்னால் இருப்பது மைதாப் பசை. ராமபாணப் பூச்சிக்கு அதுதான் சாப்பாடு, பசைக்காக வந்து படத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எங்காவது ஓரம் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதே.

மரச்சில்லுப் பெட்டியிலேயே இருக்கிற படங்களை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக எடு. முதலில் ஈரத் துணியின் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார். துணியில் சாயம் ஏறினால் தண்ணீர்ப் பக்கமே போகாதே. ஏறாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் படம் மேலே பார்க்க மிதக்க விடு. பெட்டி சுற்றியிருக்கிற நீலத்தாள் சாயம் விடும், தண்ணீர் நீலமாகத் தொடங்கினதும் வேறு தண்ணீர் மாற்று. கால் மணி நேரத்தில் பசை இளகி, படம் தானே நழுவும். அவசரப்பட்டு நகத்தால் நெம்பினால் நடுவில் தாள் மெலிந்து ஓட்டையாகும், அதைச் சரிசெய்யவே முடியாது. பின்பக்கத்துப் பசையை விரலால் மெல்ல வழித்துவிட்டு வெள்ளை மையொற்றுத் தாளில் குப்புறப் போடு. செய்தித்தாளில் போடாதே, அச்சு மை ஏறும். பாதி காய்ந்ததும் இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமாய் ஏதாவது ஏற்று, இரண்டு நாள் இருக்கட்டும். இஸ்திரி போடுகிற வேலை வேண்டாம், பளபளப்பு செத்துப் போகும். தச்சர் வெள்ளைப் பசையால் யாராவது ஒட்டின படம் இருந்தால் அதை விட்டுவிடு. காய்ந்த பிறகு தண்ணீருக்கு அது லேசில் இளகாது.

பிவிசி உறையில் போட்டு விற்பார்கள், வாங்காதே. நாள்பட்டால் உறை கசிந்து மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். டேப்பும் அப்படித்தான், பத்து வருஷத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஒட்டாதே.

குச்சியோடு இருக்கிற பெட்டிகளை அனுப்ப மாட்டேன். தீக்குச்சி தபாலில் போகக் கூடாத சாமான். குச்சியைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியாய் அனுப்பலாம்தான், ஆனால் உரசுகிற பக்கத்து மருந்து பக்கத்துப் பெட்டியின் படத்தில் தேயும். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்ற வேண்டும், அதற்கு எனக்கு நாளாகும்.

நீ தீப்பெட்டிப் படம் வைத்த கண்காட்சி போட்டோ பார்த்தேன். பக்கத்து வீட்டு மதினிக்கும் காட்டினேன். நீல நிறச் சட்டை உனக்கு எடுப்பாய் இருக்கிறது, ஆனால் முகம் வாடியிருக்கிறது, சாப்பிடுகிறாயா? அங்கே நீ எழுதி வைத்த அட்டையில் ஒரு தப்பு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தா போனது 1922, சிவகாசியில் தொடங்கினது 1923. நீ இரண்டையும் ஒரே வருஷமாய்ப் போட்டிருக்கிறாய். இந்தத் தீப்பெட்டி ஊரில் பிறந்துவிட்டு இதைத் தப்பாய் எழுதலாமா?

விற்பதாய் இருந்தால், நான் விற்கச் சொல்லவில்லை, வரி கட்டினதற்கு அடையாளமான பேண்ட்ரோல் வரித்தாள் கிழியாமல் ஒட்டியிருக்கிற முழுப் பெட்டிகளைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள். படம் மட்டும் யாரிடமும் கிடைக்கும், வரித்தாளைக் கிழிக்காமல் பெட்டியை எவன் திறந்தான்? கலர் விலகி அச்சான கிளி போட்ட படத்தைக் கழிவு என்று சேர்த்துக் கொடுத்துவிடாதே, அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு பெட்டியில் ஒட்டுகிற சிங்கிள் படத்தையும் பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற பெரிய படத்தையும் ஜோடி பிரிக்காதே. பெட்டி இரண்டு ரூபாயாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய ஒரு ரூபாய் விலை போட்ட அட்டைப் பெட்டி இன்னும் இங்கே கடையில் கிடக்கிறது, பத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

வாங்குகிறவர் உன் கணக்கு நோட்டைப் பார்த்துப் படங்களை எண்ணுவார். எண்ணினால் குறையும். அதனால் சொல்லியாக வேண்டும். நீ பென்சிலில் எழுதியிருக்கிற கணக்கில் மயில் 4, கப்பல் 6. ஆல்பத்தில் மயில் 3, கப்பல் 4.

கண்காட்சி மேடையில் என்ன சொன்னாய்? அம்மா தினமும் ஒரு புதுப் படம் கொண்டுவந்து கொடுப்பாங்க என்றாய். சும்மா கொடுக்கவில்லை தம்பி. குச்சி அடுக்குகிற அடிப்பெட்டி ஒரு குரோஸ் ஒட்டினால் ஒரு படம். 144 பெட்டி. ஆறாம் வகுப்புப் பையன், முழுப் பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் விளக்கடியில் உட்கார்ந்து ஒட்டினாய். படம் இல்லையென்றால் உட்கார மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் புதுப் படம் கிடைக்காத நாளில் நீ தூங்கினதும் உன் ஆல்பத்திலிருந்தே ஒன்றை எடுத்து ஒளித்து வைத்து, மறுநாள் கூலியாய்க் கொடுத்தேன். நீ அதைப் புதுசு என்று மறுபடி நோட்டில் எழுதினாய். விரல் இடுக்கில் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும், அந்தக் கையால்தான் எழுதினாய். நன்றி என்று நீ சொன்னதைத் தங்கச்சி இரண்டு தரம் போட்டுக் காட்டினாள். இரண்டாவது தரம் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நோட்டைத் திருத்திவிடு. மயில் 3, கப்பல் 4.

பார்சலோடு ஒப்புகை அட்டை வரும். மருமகளைப் போடச் சொல்லாதே, நீயே கையெழுத்துப் போடு. அந்த அட்டை எனக்குத் திரும்பி வந்ததும் அடுத்த ஆல்பம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அம்மா