பத்து மணி என்று எழுதிக் கொடுத்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

என் வாட்ஸப் செய்திகளை நீ திறப்பதில்லை. இங்கே எழுதினால் வாசிப்பாய் என்று தெரியும். அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். சித்தி வீட்டிலும் வாசிப்பார்கள், பெரியப்பா வீட்டிலும் வாசிப்பார்கள். சில இடங்களை நான் அவசரமாகத் தாண்டிப் போனால் ஏன் என்று உனக்குப் புரியும்.

இந்த வருடமும் ஆஸ்திரியாவில் அந்தப் பீடபூமியில் பனி உருகித் தீரவில்லை, ஆனாலும் ஜூலையிலேயே ஏறுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மா அதை மலையேற்றம் என்றே நினைத்துக்கொண்டு, காதை மூடிக்கொள்ளச் சொல் என்றாள். சத்துவாச்சாரியில் தெருத் தார் இளகிக் கிடக்கிறது. இந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றி அம்மாவுக்கு நான் என்னவென்று விளக்குவது? விளக்கிவிட்டேன். நீ உச்சியைப் பார்க்க ஏறவில்லை, ஏறிய பிறகு கயிற்றில் பூமிக்குள் இறங்குகிறாய் என்று போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. ஒரு பொய்யை எத்தனை காலம் நான் ஒருத்தியே சுமப்பது?

அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: “இறங்குவதற்கு முன்னால் விளக்கு விட்டுப் பார்க்கிறார்களா?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லப் போவதில்லை.

விளக்குக்குப் பதில் அம்மா கட்டிக் கொடுத்த ஊதுபத்தியைத்தான் கொளுத்தினார்கள் என்று சொன்னேன். ஆச்சரியப்பட்டாள். போன முறை அங்கே வந்திருந்தபோது நான் அந்தக் குழியின் வாயில் பத்தியைப் பிடித்திருந்ததும், புகை மேலே போகாமல் வளைந்து உள்ளே இழுபட்டதும், நீ குழந்தை மாதிரிக் கைதட்டியதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. கோடையில் குகைக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி, மலையின் அடிவாரப் பக்கத்துத் திறப்புகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப மேல் வாய்கள் வெளிக்காற்றை உறிஞ்சும். குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ், அப்போது மேல் வாயில் வரும் காற்று பனியை உருக்கித் துளை போடும், அந்தத் துளையை வைத்தே புதுக் குகைகளைக் கண்டுபிடிப்பதுண்டு என்றெல்லாம் நீ மூச்சுவிடாமல் சொன்னாய். காற்று ஓடுகிறது என்றால் குகை இன்னும் போகிறது என்று அர்த்தம், கெட்ட காற்று தேங்கவும் வழியில்லை என்றாய். அதை அம்மாவிடம் ஒப்பித்தேன். பாதி நம்பினாள்.

நீ எதையாவது விளக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிராத்ஸில் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை லூர்குகைக்கு இழுத்துக்கொண்டு போனாய். 1894 ஏப்ரல் கடைசியில் உள்ளே போன ஏழு பேர் வெள்ளத்தில் அகப்பட்டு ஒன்பது நாள் கழித்து உயிரோடு வந்த கதையை, என்னவோ நம் தாத்தாவுக்கு நடந்ததுபோல் சொன்னாய். வள்ளிமலையில் சமணச் சிற்பம் இருக்கும் குகையில் உன்னை நான் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். மலையாம்பட்டு ஆர்மாமலையில், உதிர்ந்துபோன ஓவியத்தைப் பார்க்காமல் கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டவன் நீ. நம் மலைகளின் கல் வேறு. கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறையைத்தான் அப்படிக் கரைக்கும். நம் பாறையை மழை அப்படிக் கரைப்பதில்லை. உனக்கு வேண்டிய குகை வேலூரில் இல்லை. அதற்காக வேலூரையே விட்டுவிட வேண்டுமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை.

அந்த மாலைக்கு வருகிறேன்.

காலையில் நீங்கள் மூன்று பேரும் இறங்கினீர்கள். குழிக்குள் பனி அடைத்துக்கொண்டிருந்தது. பாறையை ஒட்டி உருகிய பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் சந்து. ஒரு தோள் பனிச் சுவரில் உரச, மறு தோள் பாறையில் உரச நீ இறங்கினாய். அந்தப் பனி எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்று எனக்கே தெரிந்தது. இறங்குமுன் ஒரு தாளில் ‘இரவு 10’ என்று எழுதிக் கொடுத்தாய். அதற்குள் வராவிட்டால் மீட்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், எண் 140, தொலைபேசி எடுக்கும் இடம் முகட்டில் அந்தச் சிவப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில். இதைச் சொன்னது நீ. என்னைப் பொறுப்பாக வைத்ததும் நீ. கூடாரத்தில் இருந்த இன்னொரு பையனுக்கு முழங்கால் பிசகியிருந்தது.

பகல் முழுக்க நல்ல வெயில். அது நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு சால்வையை உலர்த்தினேன். அந்தப் பீடபூமியில் ஓர் ஓடை கிடையாது, பெய்வதும் உருகுவதும் எல்லாம் கல்லின் வெடிப்புக்குள் போய்விடும், குடிக்கவே பனியை உருக்கினோம் என்பது தெரிந்தும், அந்த வெயில் உங்கள் தலையில்தான் தண்ணீராக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஆறு மணிக்கு இடி மழை. ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. எனக்கு அதுவே பொறுக்கவில்லை. இருட்டியிருந்தால் இருட்டு என்று பயப்படலாம். இப்படிப் பளிச்சென்று இருக்கும்போது நீ மட்டும் இல்லை. குழியின் வாயில் போய் நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் காலையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறேனா என்று சோதிக்கக் காதைப் பொத்திப் பொத்தித் திறந்தேன்.

ஒன்பதரைக்கு அந்தப் பையன் சொன்னான்: “இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்போம், தாமதமாவது வழக்கம்தான்.”

பொறுப்போம். வந்துவிடுவார்கள். இதே வார்த்தையை இதற்கு முன் நான் எங்கே, யார் வாயிலிருந்து கேட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒடுகத்தூர்க் கிணற்று மேட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவர்கள் பொறுக்கச் சொன்னார்கள். இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, அவர்கள் வேண்டுமென்று சொன்னதில்லை.

பத்துக்குச் சரியாகச் சிவப்புக் கம்பத்தடியில் இருந்தேன். எடுத்தவர் அமைதியாகக் கேட்டார்: எத்தனை பேர், எந்தக் குகை, என்ன நேரம் குறித்திருந்தார்கள், கயிறு போட்டபடி இருக்கிறதா, மழை எப்போது பெய்தது. ஒரு தடவைகூட அவர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கு உன் தலைவிளக்கு சந்தில் தெரிந்தது. உதடு நீலமாக இருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாய். கடைசிச் செங்குத்தில் அருவி கொட்டியதாம், தண்ணீர் இறங்கும்வரை ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தீர்களாம். நான் திரும்பவும் முகட்டுக்கு ஓடி, வந்துவிட்டார்கள் என்று சொன்னேன். வண்டிகள் புறப்பட்டுவிட்டிருந்தன. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு, எல்லோர் முன்னாலும், நீ சொன்னாய்: “வேலூரிலிருந்து பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்.” தமிழில் சொன்னதால் மற்றவர்களுக்குப் புரியாது என்று நினைத்தாய். முகம் பார்த்தால் எந்த மொழியும் புரியும்.

நீ அவமானப்பட்டாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் நீ புதியவன். ‘அக்கா கூப்பிட்டுவிட்டாள்’ என்பதை நீ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பாய். அதற்காக வருத்தப்படுகிறேன். உன்னைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னித்துக்கொள். கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ தண்ணீருக்காகக் காத்திருந்தது சரி. அவசரப்பட்டு அந்த அருவியில் ஏறியிருந்தால் 2 டிகிரி தண்ணீரில் நனைந்து விறைத்திருப்பாய். ஆனால் நீ சரியாக இருக்கிறாய் என்பது மேலே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே தொலைபேசி கிடையாது. 2014 ஜூனில் ஜெர்மனி-ஆஸ்திரியா எல்லையில் உள்ள உன்டர்ஸ்பர்க் மலையின் ரீசன்டிங் குகையில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் யோகான் வெஸ்ட்ஹவுசர் தலையில் கல் விழுந்து கிடந்தாரே, அந்தச் செய்தியை வெளியே கொண்டுவரவே கூட இருந்தவர் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. வெஸ்ட்ஹவுசர் அந்தக் குகையைப் பல வருடம் ஆராய்ந்தவர், அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து நாடுகளிலிருந்து 700 பேருக்கு மேல் சேர்ந்து, 11 நாள் கழித்து அவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். இதைச் சொன்னதும் நீதான், கிராத்ஸ் ரயிலில், கண் பளபளக்க. கதையாகச் சொல்லும்போது இனிக்கிறது. உன் அக்கா அதே விதிப்படி நடந்தால் மட்டும் பயந்தாங்கொள்ளியா?

நீ இறங்கும்போது ஒரு நேரத்தை எழுதித் தருகிறாய். அதன் பிறகு அந்த நேரம் உன்னுடையது இல்லை.

அம்மாவோடு இங்கே இருப்பதைப் பற்றி நான் குறை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் இருக்க வேண்டும், நீ சின்னவன், உனக்கு உதவித்தொகை கிடைத்தது, போனாய். ஆனால் மாத மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நிற்கும்போது உன் படங்கள் வரும்: பனியில் நிற்கிறாய், கயிற்றில் தொங்குகிறாய், யாரும் கால் வைக்காத இடத்தில் உன் காலடி. பெருமையாக இருக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எரிச்சலாக இருக்கும். இரண்டையும் எழுதிவிட்டேன், போகட்டும்.

இப்போது முடிவு. ஆகஸ்டில் வருகிறேன். பத்து நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சத்துவாச்சாரியில் உட்கார்ந்திருந்தால் நீ எந்த நேரம் எழுதினாய் என்பதே எனக்குத் தெரியாது. அங்கே இருந்தால் தாள் என் கையில் இருக்கும். உன் குழுவிடம் இப்போதே சொல்லிவிடு: மேலே நான் இருக்கிற நாளில் பத்து என்றால் பத்து. பத்தரையும் ஆகலாம் என்று உனக்குத் தோன்றினால் இரவு 12 என்று எழுது, பனி உருகும் நாளாக இருந்தால் இன்னும் தள்ளி எழுது, உனக்குத்தான் கணக்கு தெரியும். உன் தண்ணீருக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள், ஆனால் எழுதியதை எழுதியபடி வை. இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் எனக்கு இரண்டு வரி அனுப்பு, டிக்கெட் எடுக்காமல் இருந்துவிடுகிறேன்.

ஊதுபத்தி இரண்டு கட்டு அம்மா எடுத்து வைத்துவிட்டாள். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பு. போன முறை என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாய். சென்னையில் அதற்காக ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றேன்.

உன் அக்கா