ரக்பி அணிகளுக்கு மதிப்பெண்: ஓர் ஆட்சேபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 2023 ரக்பி உலகக் கோப்பையில் ஆடிய அணிகளுக்கு மதிப்பெண் போட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டைத் தாண்டி இப்படியொரு விளையாட்டுக்குப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் மதிப்பெண் போட்ட விதம் சரியில்லை. கோப்பை வென்ற தென்னாப்பிரிக்காவுக்குப் பத்து, நியூசிலாந்துக்கு ஒன்பது, மூன்றாமிடம் பிடித்த இங்கிலாந்துக்கு எட்டு, அர்ஜென்டினாவுக்கு ஏழு. காலிறுதியில் வெளியேறிய பிரான்ஸ், அயர்லாந்து, வேல்ஸ், ஃபிஜி நான்குக்கும் ஆளுக்கு ஐந்து. இப்படிப் போடுவதற்கு ஆட்டம் பார்க்க வேண்டியதே இல்லை, முடிவு அட்டவணை கையிலிருந்தால் போதும்.

எந்த அணி எந்தப் பிரிவில் என்று முடிவு செய்யும் குலுக்கல் 2020 டிசம்பரிலேயே பாரிஸில் நடந்துவிட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது 2020 ஜனவரி 1 அன்றைய தரவரிசை. ஒன்பதாம் வகுப்பு மார்க்கை வைத்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கு ரேங்க் போட்டதுபோல. அன்று நான்காமிடத்தில் இருந்த வேல்ஸ், போட்டி தொடங்கிய 2023 செப்டம்பரில் பத்தாமிடத்துக்குப் போயிருந்தது. நடுவில் கார்டிஃபில், சொந்த மைதானத்திலேயே, இத்தாலியிடமும் ஜார்ஜியாவிடமும் தோற்ற அணி அது. விளைவு என்ன? போட்டி தொடங்கியபோது முதல் ஐந்து இடங்களில் இருந்த அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஐந்தும் ஏ, பி பிரிவுகளில் அடைபட்டுக் கிடந்தன. அந்த இரு பிரிவுகளும் காலிறுதியில் ஒன்றோடொன்று மோதும் ஏற்பாடு. ஆக, ஐந்தில் இரண்டுக்கு மேல் அரையிறுதிக்குப் போக வழியே கிடையாது. ஸ்காட்லாந்து பிரிவுச் சுற்றிலேயே மூட்டை கட்டியது. அதற்கு நீங்கள் மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.

பிரான்ஸுக்கு ஐந்து என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தொடக்க ஆட்டத்தில் நியூசிலாந்தை 27-13 என்று வென்ற அணி. காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது 28-29, ஒரே ஒரு புள்ளி. அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) அடித்த பிறகு தோமா ராமோஸ் கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கூடுதல் உதை) உதைக்கத் தயாரானார். உதைப்பவர் ஓடத் தொடங்கினால் எதிரணியும் கோல் கோட்டிலிருந்து ஓடிவரலாம் என்பது விதி. பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை, சும்மா இரண்டு எட்டு வைத்துவிட்டு நிற்பார்கள். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே விட்ட அம்புபோல் வந்து உதைத்த பந்தைக் கையால் தடுத்துவிட்டார். கன்வர்ஷனுக்கு இரண்டு புள்ளி, தோல்வியோ ஒரு புள்ளியில். இந்தத் தோல்வியும், அர்ஜென்டினாவிடம் 17-29 என்று வேல்ஸ் கண்ட தோல்வியும் ஒரே மதிப்பெண்ணா?

அயர்லாந்து கதையும் அப்படித்தான். வரிசையாக 17 ஆட்டங்களில் வென்றுவிட்டுக் காலிறுதிக்கு வந்த அணி. பிரிவுச் சுற்றில் தென்னாப்பிரிக்காவை 13-8 என்று வென்றது. காலிறுதியில் நியூசிலாந்திடம் 24-28. கடைசி நிமிடங்களில் பந்தை விடாமல் 37 கட்டங்கள் (ஒவ்வொரு மோதலும் ஒரு கட்டம்) முட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. அயர்லாந்து இதுவரை ஒரு உலகக் கோப்பையிலும் காலிறுதியைத் தாண்டியதில்லை என்பது உண்மைதான். அதற்கு ஒரு மதிப்பெண் குறையுங்கள், ஐந்தைக் குறைக்காதீர்கள்.

இனி இங்கிலாந்து. உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு சொந்த மைதானமான ட்விக்கன்ஹாமில் ஃபிஜியிடம் 22-30 என்று தோற்ற அணி. பிரிவுச் சுற்றில் சமோவாவை வென்றதே 18-17 என்று மயிரிழையில். அரையிறுதிக்கு முன்பு முதல் ஐந்து இடங்களில் இருந்த எவரையும் அது சந்திக்கவே இல்லை. ஆனாலும் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவோடு அது ஆடிய ஆட்டம், பார்க்க அழகில்லை என்றாலும், கணக்குப் போட்டு ஆடிய ஆட்டம். ட்ரையே இல்லாமல் 15 புள்ளிகள், கடைசிச் சில நிமிடங்கள் வரை முன்னிலை. அந்த ஓர் ஆட்டத்துக்காக மட்டும் எட்டு என்றால் ஒப்புக்கொள்கிறேன், தொடர் முழுவதற்கும் என்றால் ஆறுதான்.

தென்னாப்பிரிக்காவுக்குப் பத்து கொடுத்துவிட்டு "அதிர்ஷ்டம் கைகொடுத்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றதால் அப்படித் தோன்றுகிறது. இங்கிலாந்து கையிலிருந்த அரையிறுதியைப் பிடுங்கியது அதிர்ஷ்டம் அல்ல, ஸ்க்ரம் (இரு அணியின் கனமான வீரர்களும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளுவது). மாற்று வீரராக வந்த ஆக்ஸ் இன்சே ஸ்க்ரமில் எதிராளியை நெரித்துப் பெனால்டி வாங்கிக் கொடுக்க, 77ஆவது நிமிடத்தில் ஹான்ட்ரே பொல்லார்ட் தொலைவிலிருந்து அதை உதைத்து 16-15 ஆக்கினார். காயமடைந்த ஹூக்கர் (ஸ்க்ரமின் முன்வரிசையில் நடுவே நிற்பவர்) மால்கம் மார்க்ஸுக்குப் பதிலாக உதைப்பாளரான இந்தப் பொல்லார்டை வரவழைத்தது அணி நிர்வாகத்தின் துணிச்சல். இறுதிப் போட்டியில் நியூசிலாந்தை வென்றது 12-11, அந்தப் பன்னிரண்டும் பொல்லார்டின் காலிலிருந்து வந்தவை. பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகள் (ஸ்க்ரமில் தள்ளும் கனமான வீரர்கள்), ஒரே ஒரு பேக் (பின்னால் நின்று ஓடி ஆடுபவர்) என்று அவர்கள் உட்கார வைத்ததைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லாதது எனக்கு ஆச்சரியம். (நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கியதால் அவர்கள் பெரும்பகுதி நேரம் 14 பேராக ஆடி ஒரு புள்ளியில் தோற்றார்கள். அவர்களுக்குப் போட்ட அந்த ஒன்பது மட்டும் சரி.)

போர்ச்சுகலுக்கு நீங்கள் மதிப்பெண்ணே போடவில்லை. கடைசி இடத்துக்கான தகுதிச் சுற்றில் நுழைந்த அணி, ஜார்ஜியாவோடு 18-18 என்று சமன் செய்தது, ஃபிஜியை 24-23 என்று வென்றது. உலகக் கோப்பையில் அவர்களின் முதல் வெற்றி அது. சின்ன அணி என்பதால் விட்டுவிட்டீர்கள் போலும்.

உலக ரக்பி அமைப்பின் தரவரிசையே உங்களைவிட நியாயமாகக் கணக்குப் போடுகிறது: எதிரணியின் பலம் என்ன, சொந்த மண்ணா, 15 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசமா என்றெல்லாம் பார்க்கிறது. 2027இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகள் ஆடப்போகின்றன. அப்போதாவது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், யாரிடம் எத்தனை புள்ளியில் தோற்றார்கள் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்

பி.கு.: ஜார்ஜ் ஃபோர்டு இங்கிலாந்தின் 27 புள்ளிகளையும் தனியாளாக எடுத்தது அர்ஜென்டினாவுக்கு எதிராக. படக்குறிப்பில் ஜப்பான் என்று வந்திருக்கிறது.