மாவட்ட நீச்சல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. கோடைக்கால முகாமும் மாவட்டப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. வேளச்சேரியில் நடந்த மாநிலப் போட்டிக்கு ஒன்பது பேரை அனுப்பினோம்.

அங்கிருந்துதான் விஷயம் தொடங்குகிறது. 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நமது பெண் ஒருத்தி, இங்கே தேசியப் போட்டிக்கான தகுதி நேரத்துக்குள் பலமுறை நீந்தியவள், அங்கே ஒன்றரை விநாடியில் வாய்ப்பை இழந்தாள். ‘பிள்ளை பயந்துவிட்டது’ என்றோம். நானும்தான் சொன்னேன். ஆனால் அன்று நம் பிள்ளைகள் ஒன்பது பேருமே இங்கே எடுத்த நேரத்தைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஒன்பது பேருமா பயந்திருப்பார்கள்?

ஊர் திரும்பியதும் ஒரு சர்வேயரை வைத்து நம் குளத்தை அளந்தேன். 50 மீட்டர் இருக்க வேண்டிய குளத்தில் எந்த லேனும் 49.90 மீட்டரைத் தாண்டவில்லை. குளத்தைப் புதுப்பித்தபோது பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சிமெண்ட் பூசிப் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். இரு பக்கமும் ஐந்தைந்து சென்டிமீட்டர் போய்விட்டது.

பத்து சென்டிமீட்டர்தானே என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 1500 மீட்டருக்கு முப்பது முறை கடக்க வேண்டும். மூன்று மீட்டர் குறைகிறது. அந்தப் பெண்ணின் வேகத்துக்கு அது இரண்டு விநாடிக்கு மேல். சர்வதேச விதிப்படி 50 மீட்டர் குளம் மிகச் சிறிதளவு கூடலாம், குறையவே கூடாது. 2021 ஜூனில் ரோம் நகரில் நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38 நேரத்தில் நீந்தி, ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் தரும் ‘ஏ’ தகுதியை எட்டிய முதல் இந்தியரானார். தகுதி நேரம் 1:56.48. வித்தியாசம் 0.10 விநாடிதான். அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 17 செ.மீ. நம் குளத்தில் 200 மீட்டருக்கு 40 செ.மீ. குறைகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் எப்படி விட முடியும்?

அதனால் புதுப்பித்த பிறகு இங்கே பதிவான பதினான்கு மாவட்டச் சாதனைகளைச் செயற்குழுவின் ஒப்புதலோடு நீக்கினோம். என் மகனுடைய 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் சாதனையும் அதில் ஒன்று. வீட்டில் இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் சாதனை போன வேறு சில குடும்பங்கள் அன்றிலிருந்து கூட்டத்துக்கும் வருவதில்லை, சந்தாவும் கட்டுவதில்லை. ஜனவரிக் கூட்டத்தில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் ஒரு மணி நேரம் காத்திருந்து கலைந்தோம். கோபம் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லலாம். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பாமல் நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ சமம். சர்வேயர் கட்டணம் போகக் கையிருப்பு சொல்லும்படி இல்லை.

பயிற்சியாளர்களுக்கும், போட்டி நாளில் ஸ்டாப் வாட்ச் பிடித்த பெற்றோர்களுக்கும், மோர் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரு முனைச் சுவர்களின் டைல்ஸையும் பெயர்த்துச் சரிசெய்ய, குளத்தைப் பராமரிப்பவர்களிடம் பேசியிருக்கிறேன். செலவில் ஒரு பங்கைச் சங்கமும் ஏற்க வேண்டியிருக்கும். அப்புறம், நீந்துபவர் தொட்டதும் நேரத்தைப் பதிய, சுவரில் மாட்டும் டச் பேடு ஒன்றின் கனம் சுமார் ஒரு சென்டிமீட்டர். இரு பக்கமும் மாட்டினாலும் 50 மீட்டர் குறையாதபடி இப்போதே இடம்விட்டுக் கட்டிவிட வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் பலகையில் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் சம்மதிக்கவில்லை. பாக்கி முழுவதும் வந்தால் ஒரு பக்கச் சுவருக்காவது போதும் என்பது என் கணக்கு.

அந்தப் பெண் இன்றைக்கும் காலை ஐந்தரைக்கு வந்து நீந்திவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்