தம்பிக்கு, ஸ்பெயின் போட்டு வந்த கதை

தம்பி, சாப்பிட்டியோ?

நான் போட்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாத்துக்கும் நீலக்கோடு விழுந்திருக்கு, அப்ப கேட்டிருக்கிறாய், பதில் போட நேரமில்லைப் போல. பரவாயில்லை. அதுதான் இப்ப நீட்டா எழுதுறன், வாசிச்சாக் காணும்.

நாங்கள் பெர்பிஞோன்லை சின்னம்மா வீட்டை நிக்கிறம். நேற்று அக்காதான், வாங்கோ கரையோரமா ஸ்பெயின் போட்டு வருவம் எண்டா. அப்பாக்கு வழமை போல எல்லை தாண்டி லா ஜொங்கேரா போய் மலிவுக்குப் பெற்றோல் அடிச்சுக்கொண்டு வரத்தான் விருப்பம், அக்கா விடேல்லை. வெளிக்கிடேக்கை தூறல்தான், கொலியூர் தாண்ட கொட்டு கொட்டெண்டு கொட்டுது. ஒரு பக்கம் மலையும் முந்திரிகைத் தோட்டமும், மற்றப் பக்கம் நேர கீழ கடல், வளைவுக்கு மேல வளைவு. அக்கா ஓடுறா, அப்பா பக்கத்திலை இருந்து இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கொண்டு வாறார், எனக்குப் பின்னாலை தலைச்சுத்து. நீ ஓடியிருந்தா நான் நித்திரையே கொண்டிருப்பன். முதல் தரமே லைசென்ஸ் எடுத்த பிள்ளை நீ, அக்கா எத்தினை தரம் போனவ எண்டு உனக்குத் தெரியும்தானே. இதை அவவுக்குச் சொல்லிப்போடாதை.

கொலியூர்லை ஒரு ஸ்பெயின் கவிஞரின்ரை சமாதி இருக்காம், அந்தோனியோ மச்சாதோ எண்டு பேர். 1939லை அங்கை உள்நாட்டுச் சண்டையிலை இவற்றை பக்கம் தோக்க, 84 வயசுத் தாயையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவராம். பெப்ரவரி 22 அவர் மோசம் போட்டார். தாய் அதுக்குப் பிறகு மூண்டே நாள். அக்கா இதை ரோட்டைப் பாத்துக்கொண்டு சாதாரணமாச் சொல்லிக்கொண்டு போறா, எனக்கு அந்த மூண்டு நாளை விட்டு மனம் வரேல்லை, அந்த மனிசி என்ன பாடுபட்டிருக்கும்.

செர்பேருக்கு மேல மலை உச்சியிலைதான் எல்லை. பழைய காவல் கட்டடம், இப்ப ஒருத்தரும் இல்லை. அதிலை அந்தக் காலத்துப் போட்டோக்கள் வைச்சிருக்கினம். 39 ஜனவரி கடைசியிலை பிரான்ஸ் கதவைத் திறக்க ரெண்டு கிழமைக்குள்ளை கிட்டத்தட்ட 5 லட்சம் சனம் இந்த மலையளாலை வந்ததாம், போர்வை, சூட்கேஸ், இடுப்பிலை பிள்ளை. வந்த சனத்தை ஆர்ஜெலேஸ் கடற்கரையிலை முள்ளுக்கம்பி அடிச்சு விட்டிருக்கிறாங்கள், கூரை இல்லை, மணலைத் தோண்டிப் படுத்ததுகளாம். அப்பா மழைக்கை இறங்கி நிண்டு பாத்துக்கொண்டே நிக்கிறார், குடை பிடிக்கவும் விடேல்லை. 95லை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்திலை நாங்கள் நிண்ட ராத்திரியும் இப்பிடித்தான் மழை. சரி சரி, அந்தக் கதையைத் துவங்கினா நீ கண்ணை உருட்டுவாய், விடுறன்.

பிறகு போர்ட்போ, எல்லை தாண்டினா முதல் வாற ஸ்பெயின் ஊர். ஊர் சின்னன், ஸ்டேசன் மட்டும் பென்னாம்பெரிசு. ஸ்பெயின் தண்டவாளம் பிரான்ஸை விட அகலமாம், அதாலை முந்தி சனம் எல்லாம் எல்லையிலை இறங்கி ரயில் மாறவேணுமாம். சின்னனிலை நீ ரயில் பைத்தியம்தானே, உனக்குத்தான் போட்டோ அனுப்பினனான், பாத்தனியோ.

அங்கை கடலுக்கு மேல மலைச்சரிவிலை ஒரு சவக்காலை. அதுக்குப் பக்கத்திலை துருப்பிடிச்ச இரும்பாலை ஒடுக்கமா ஒரு வழி, படி படியா நேர கடலுக்கு இறங்குது, பாதியிலை கண்ணாடி போட்டு மறிச்சிருக்கு. டானி காரவான் எண்டவர் செய்தது, 1994லை திறந்ததாம். மழையிலை படி வழுக்குது, அப்பா வேண்டாம் எண்டார், நான் அக்காவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கண்ணாடி மட்டும் இறங்கினன். கீழ கடல் நுரைச்சு அடிக்குது.

ஆருக்காக எண்டு கேட்டன். வால்டர் பெஞ்சமின், பெர்லின் யூதர், பெரிய படிப்பாளியாம். உன்னைப் போல. 1940 செப்ரெம்பர்லை ஹிட்லருக்குப் பயந்து பிரான்ஸ் பக்கம் பன்யூல்ஸ்லை இருந்து மலையாலை நடந்து வந்தவர், வயசு 48, இருதய வருத்தம். அமெரிக்கா விசா கையிலை இருக்கு, பிரான்ஸை விட்டு வெளிக்கிடுற கடுதாசி மட்டும் இல்லை. போர்ட்போ பொலிஸ் நாளைக்குத் திருப்பி அனுப்புவம் எண்டிட்டான். அந்த ராத்திரி ஹோட்டல்லை, தன்ரை உயிரைத் தானே முடிச்சிட்டார் எண்டுதான் சொல்லுகினம்.

கூட வந்த ஆக்களை அடுத்த நாள் விட்டிட்டாங்கள் தம்பி. விட்டிட்டாங்கள். நான் அக்காவைத் திருப்பித் திருப்பிக் கேட்டன், உண்மையோ, உண்மையா விட்டவங்களோ எண்டு. ஓமாம், லிஸ்பன் போய்ச் சேந்தவையாம். ஒரு கடுதாசிதானே. ஒரு ராத்திரிதானே. கூட வந்த ஒருத்தர் அவற்றை அறையிலை விடியும் மட்டும் இருந்திருக்கலாம்தானே, சும்மா கதைச்சுக்கொண்டு.

நீ ராவிலை நித்திரை கொள்ளுறியோ? விடிய நாலு மணிக்கும் ஒன்லைன் எண்டு காட்டுது. நான் ஏன் முழிச்சிருக்கிறன் எண்டு கேளாதை.

பிறகு ஒரு சின்ன ரெஸ்ரோரன்ட்லை மீனும் உருளைக்கிழங்கும் போட்டு சுக்கேத் எண்டு ஒரு கறி சாப்பிட்டம், எங்கடை கூழுக்குக் கிட்டவும் வராது, ஆனா வாய்க்கு நல்லாத்தான் இருந்தது. கடைக்காரன் சொன்னான், இது கிழக்குக் காத்து மழை, வடக்காலை த்ரமுந்தானா அடிச்சாத்தான் வானம் துடைச்ச மாதிரி வெளிக்குமாம். கடகேஸ் எண்ட ஊர் வரைக்கும் போக நினைச்சது, மலை முழுக்க முகில், வழியிலை யான்சா எண்ட ஊரோடை திரும்பிட்டம்.

ரிசல்ட் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. அப்பாவும் கேக்கமாட்டார், நான் சொல்லி வைச்சிருக்கிறன். சின்னம்மா கேட்டவ, தம்பி பிசி எண்டன். ஆனா ஒரு ஓம், ஒரு இல்லை எண்டு போட எவ்வளவு நேரம் போகும்? அந்தளவுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்? சரி விடு, கோவத்திலை எழுதேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள்ளையே கிடவாதை, கீழ இறங்கி ஒரு பாணாவது வாங்கு. சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் லியோன் வாறன், பார் டியூ ஸ்டேசன். அக்கா ரிக்கெட் எடுத்திட்டா, மாத்த ஏலாத மலிவு ரிக்கெட், அதாலை வரவேண்டாம் எண்டு சொல்லாதை. ஸ்டேசனுக்கு வராட்டிலும் பரவாயில்லை, வீடு எனக்குத் தெரியும். பெல் அடிச்சா கதவைத் திற. அறை குப்பையாக் கிடந்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். புட்டும் மீன்குழம்பும் கொண்டாறன், உன்னட்டை மைக்ரோவேவ் வேலை செய்யுதோ எண்டு மட்டும் சொல்லு.

அம்மா