அண்ணிக்கு ஒரு கடிதம்: மாத்திரையையும் சந்தேகப்படுங்கள்

அன்புள்ள அண்ணி,

"பதினோரு வருஷம் குடும்பம் நடத்திய ஆள் இவர் இல்லை" என்று நேற்றிரவு போனில் சொன்னீர்கள். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே வார்த்தையை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால்தான், உங்களிடமும் அண்ணனிடமும் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் படித்தான். அண்ணன் நோட்டைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்துவிட்டார். அந்தப் பிள்ளையை ஒருநாளும் அதட்டாதவர். நடுராத்திரியில் நீங்கள் எழுந்து பார்த்தபோது, கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கிழிந்த பக்கங்களைப் பொருத்தி செலோடேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன ஆகிறது என்றே தெரியவில்லை" என்று அழுதார். என் மனம் அந்த அழுகையிலேயே நிற்கிறது.

வலிப்பு வந்து மாத்திரை தொடங்கி ஆறு வாரம். கோபம் தொடங்கி ஐந்து வாரம். இந்தக் கணக்கை நாம் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா உங்கள் வாய்தான் காரணம் என்றார். பெரியப்பா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

அண்ணன் சாப்பிடுவது லெவெட்டிராசிட்டம். 1999 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கும் நல்ல மருந்து அது. ஈரலுக்கு அதிகச் சுமை தராது, மற்ற மாத்திரைகளோடு பெரிதாக மோதாது, சீக்கிரம் பலன் தரும். ஆனால் சிலருக்கு எரிச்சல், மூர்க்கம், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றைக் கொண்டுவரும். மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே இருக்கிறது: ஆய்வுகளில் இதைச் சாப்பிட்ட பெரியவர்களில் 13 சதவீதம் பேருக்கு நடத்தை மாற்றங்கள் வந்தன, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 சதவீதம். 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முறையே 38, 19.

வெற்று மாத்திரைக்காரர்களின் எண்ணையும் கவனியுங்கள் அண்ணி. இந்த மருந்தைச் சாப்பிடாதவர்களுக்கும் மாற்றம் வந்திருக்கிறது. வலிப்பு மூளையைச் சோர்வாக்கும்; பைக் ஓட்டக் கூடாது என்றதும் ஒரு மனிதரின் பாதி உலகம் சுருங்கிவிடும். ஆகவே எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிட முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான், உங்களை அல்ல.

நான் ஒன்பது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். இந்த அட்டையை எத்தனை பேர் கையில் கொடுத்திருப்பேன்! "காலை ஒன்று, இரவு ஒன்று" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "கோபம் கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் நம் வீட்டுக்கும் கிடைக்கவில்லை.

இந்த மருந்து மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டு அளவு கூடக்கூட மனக்குழப்பமும் கூடும் என்பது 1972இலேயே பாஸ்டனில் நடந்த கண்காணிப்பில் தெரிந்தது: தினம் 40 மில்லிகிராம் வரை ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 1.3 சதவீதம், 80க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். இளைப்புக்குத் தரும் மான்டெலூகாஸ்ட்டுக்கு மனநலப் பாதிப்பு பற்றிய கடுமையான எச்சரிக்கையை 2020இல் அமெரிக்க மருந்து அமைப்பு சேர்த்தது.

ஒன்றை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம், மெதுவாக வேறு மருந்துக்கு மாற்றலாம். வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது எல்லோருக்கும் கைகொடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

அதுவரை தேதி போட்டு எழுதி வையுங்கள்: எப்போது கோபம் வந்தது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து, முந்தைய இரவு தூங்கினாரா. "கோபப்படுகிறார்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நோட்டைக் கிழித்ததைச் சொல்லுங்கள், ஒட்டியதையும் சொல்லுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அவளைக் கொஞ்சம் சாப்பிடச் சொல்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டரிடம் மூவரும் சேர்ந்தே போகலாம். மருந்துச் சீட்டையும் மீதி அட்டைகளையும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்